பெயரும் இடமும்: திருநரின் குடியுரிமை வரலாறும் திருச்சபையின் பதிவேடும்

முன்னுரை

சென்னையினின்று தெற்கே செல்லும் நெடுஞ்சாலை செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றைத் தாண்டி, படாளம் வழியாக மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம் எனச் சென்று உளுந்தூர்ப்பேட்டையை அடைகிறது. படாளம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ஊர். கரும்பு வண்டிகளைக் கண்டு பழகிய இச்சாலையில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் வேறொரு கூட்டமும் தெற்கு நோக்கிச் செல்வதைக் காணலாம். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழாவுக்குச் செல்லும் திருநங்கையரே அவர்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் வேன்களும் நம் ஆலயங்களின் வாசலைக் கடந்தே செல்கின்றன. நம் சபையாருள் சிலர் நகைப்பர்; சிலர் இரக்கப்படுவர்; பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். இவர்களும் நம்மைப்போல் இந்நாட்டின் குடிமக்கள் என்ற எண்ணம் எழுவது அரிது.

குடியுரிமை என்பது ஒரு நாட்டில் பிறந்தமையால் மட்டும் ஒருவர் கைக்கு வந்துவிடுவதன்று. அவருடைய பெயரும் இருப்பிடமும் அரசின் ஏடுகளில் உண்மையாக எழுதப்படும்போதே அவர் வாக்களிக்கவும், குடும்ப அட்டை பெறவும், தேர்வு எழுதவும், நீதிமன்றத்தில் நின்று வழக்குரைக்கவும் இயலும். ஆகவே குடியுரிமையின் வரலாறு ஒருவகையில் பதிவேடுகளின் வரலாறே. திருநரின் பெயர்கள் இந்தியாவில் எந்த ஏடுகளில், எந்நோக்கத்தோடு, யாருடைய கையால் எழுதப்பட்டன என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திருச்சபையிடமும் ஒரு பதிவேடு உண்டு. எனவே இவ்வரலாறு நம் அலுவலக மேசையிலேயே வந்து முடிகிறது என்பதையும் காட்ட விழைகிறோம்.

பிறந்தபோது ஆண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்வோரைத் திருநங்கை என்றும், பிறந்தபோது பெண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்வோரைத் திருநம்பி என்றும், இருசாராரையும் உள்ளடக்கிப் பொதுவாகத் திருநர் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

1. இலக்கணம் அளித்த இடம்

தமிழ் மரபு இம்மக்களை அறியாததன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்கெனத் தனியான பால் ஈறு இல்லை என்றும், அவர்களைக் குறிக்கும் சொற்கள் உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே முடியும் என்றும் அவ்விதி கூறுகிறது. இவ்விலக்கண விதியில் ஒரு சமுதாய உண்மை அடங்கியுள்ளது. இவர்கள் ஆண்பாலா பெண்பாலா என்பதில் மொழி தயங்கியது. ஆனால் இவர்கள் மனிதர் என்பதில் அது தயங்கவில்லை. இவர்களை அஃறிணையில் சேர்க்க இலக்கண ஆசிரியர் இடந்தரவில்லை.

தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரதக் கூத்தில், அருச்சுனன் மகன் அரவானின் களப்பலி இன்றும் நடிக்கப்படுகிறது. போருக்குமுன் பலியாகவிருக்கும் அரவானை மணந்துகொள்ள யாரும் முன்வராதபோது கண்ணனே பெண்வடிவு கொண்டு மணந்தான் என்னும் கதையைக் கூவாகத்துத் திருநங்கையர் தங்கள் கதையாகக் கொள்கின்றனர். ஒரு நாள் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைக்கின்றனர்.

ஆயினும் பழமையைப் போற்றுவதில் நாம் எல்லை மீறலாகாது. கூத்தில் இடமிருந்தது, குடும்பத்தில் இடமிருக்கவில்லை. கதையில் மதிப்பிருந்தது, தெருவில் ஏளனச் சொற்களே இருந்தன. இலக்கணம் உயர்திணையில் வைத்தவர்களை வழக்கு அஃறிணையாக நடத்தியது. இம்முரண்பாட்டின்மீதுதான் ஆங்கில ஆட்சி தன் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தது.

2. தண்டிப்பதற்காக எழுதப்பட்ட ஏடு

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவில் இயற்கைக்கு மாறான உடலுறவைக் குற்றமாக்கியது. அதனைத் தொடர்ந்து 1871-இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறந்தது. இச்சட்டம் கள்ளர், குறவர் முதலிய சமுதாயங்களைப் பிற்காலத்தில் எவ்வாறு வருத்தியது என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். ஆனால் அதன் இரண்டாம் பகுதி முழுவதும் அண்ணகர்களைப் பற்றியது என்பது நம்மிற் பலர் அறியாதது.

அப்பகுதியின்படி, சிறுவரைக் கடத்துவதாகவோ, விதையடிப்பதாகவோ, 377-ஆம் பிரிவின்கீழ் வரும் குற்றத்தைச் செய்வதாகவோ ஐயுறப்பட்ட அண்ணகர்களின் பெயர்களையும் இருப்பிடங்களையும் கொண்ட ஒரு பதிவேட்டை அரசு வைத்திருத்தல் வேண்டும். அவ்வேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடை உடுத்தோ அணிகலன் பூண்டோ பொதுவிடத்தில் காணப்பட்டால், பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறையிடலாம். பொதுவிடத்தில் கூலிக்கு ஆடுவதும் இசைப்பதும் அவ்வாறே குற்றம். அவர் பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனைத் தம் இல்லத்தில் வைத்திருக்கலாகாது; சிறுவர்க்குக் காப்பாளராகலாகாது; நன்கொடை அளிக்கலாகாது; உயில் எழுதலாகாது; தத்தெடுக்கலாகாது. வாழும் நாளில் உடையும் தொழிலும் குற்றமாயின. இறக்கும் நாளில் உடைமையும் வாரிசும் மறுக்கப்பட்டன. குற்றவியல் மொழியில் எழுதப்பட்டிருப்பினும், இது ஒருவரைக் குடிமக்கள் வரிசையினின்று நீக்கும் சட்டமே.

இப்பகுதி முதற்கண் வடஇந்திய மாகாணங்களிலேயே செயற்பட்டது. எனினும் அதன் மனப்பான்மை மாகாண எல்லைகளில் நின்றுவிடவில்லை. 1884-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி என்பவரின் வழக்கு இதற்குச் சான்று. பெண்ணுடை உடுத்திப் பாடியதற்காகக் கண்காணிக்கப்பட்டுக் கைது செய்யப்பட்ட அவர், குற்றம் எங்கு எப்போது யாருடன் நிகழ்ந்தது என்பதே காட்டப்படாமல் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆயினும் காவல்துறையின் நோக்கத்தை அது குறைகூறவில்லை. தெற்கே ஐதராபாத் சமஸ்தானத்தில் 1919-இல் இதே அச்சில் வார்க்கப்பட்ட ஒரு சட்டம் வந்தது. அச்சட்டம் சுதந்தரத்துக்குப் பின்னும் ஏட்டில் நீடித்து, 2023 ஜூலையிலேயே தெலங்கானா உயர்நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது.

ஆக, இந்திய அரசின் ஏட்டில் திருநர் முதன்முதலாகத் தனி வகுப்பாக எழுதப்பட்டது உரிமை பெறுவதற்காக அன்று, பிடிபடுவதற்காகவே. பெயர், இருப்பிடம் என்னும் இவ்விரண்டையுமே 1871-இன் சட்டம் கேட்டது. இவ்விரு சொற்களையும் வாசகர் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம்.

3. குடியரசும் இரண்டு கட்டங்களும்

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, குடியுரிமையைப் பற்றிப் பேசும் 5 முதல் 11 வரையுள்ள பிரிவுகளில் பால் வேறுபாடு எதனையும் கூறவில்லை. 14-ஆம் பிரிவு எந்த நபருக்கும் சட்டத்தின்முன் சமத்துவத்தை அளிக்கிறது. 326-ஆம் பிரிவு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையை அளிக்கிறது. எழுத்தளவில் திருநர் அன்றே குடிமக்களாயினர். ஆனால் அரசியலமைப்பு பேசாத ஒன்றை அரசு அலுவலகத்துப் படிவம் பேசியது. அதில் ஆண், பெண் என இரண்டு கட்டங்களே இருந்தன.

பெயர் எழுதப்படாமற் போனால் உரிமை எவ்வாறு போகும் என்பதற்கு நம் குடியரசின் முதல் தேர்தலே எடுத்துக்காட்டு. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடஇந்தியப் பெண்கள் பலர் தம் சொந்தப் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறினர். சொந்தப் பெயரின்றி எவரையும் சேர்ப்பதற்கில்லை என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. அதனால் ஏறத்தாழ எட்டுக்கோடிப் பெண் வாக்காளருள் சுமார் 28 இலட்சம் பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. அங்குப் பெயர் சொல்லப்படாததால் உரிமை போயிற்று. திருநரோ தம் பெயரைச் சொன்னார்கள். கேட்டவர் எழுத மறுத்தார். ஆண் எனப் பதிந்தால் வாக்குச்சாவடியில் சேலையைக் கண்டு திருப்பி அனுப்புவர். பெண் எனப் பதிய முயன்றால் பிறப்புச் சான்றைக் கேட்பர். வீட்டைவிட்டு வெளியேறியவரிடம் அச்சான்றும் இராது. வாடகைக்கு இடந்தருவாரும் இலராதலின் முகவரியும் இராது.

மக்கள் வாக்களித்துத் தெரிந்துகொண்ட பின்னரும் இச்சிக்கல் தீரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1998-இல் ஷப்னம் மௌசி சட்டமன்ற உறுப்பினரானார். அதே மாநிலத்தில் கட்னி நகர மேயராகக் கமலா ஜான் தெரிவு செய்யப்பட்டார். ஆனால் அப்பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. இவர் சட்டப்படி ஆண் என்று கூறி அவருடைய தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஒரு நகரத்தார் தேர்ந்தெடுத்தவரை, படிவத்தின் ஒரு கட்டம் இறக்கிவிட்டது.

4. தமிழகத்தின் முன்முயற்சி

இந்நிலை மாறுவதற்குத் தமிழ்நாடு பெரும்பங்கு ஆற்றியது. இங்குத் திருநங்கையர் தாமே அமைப்புகளாகத் திரண்டு, அரசையும் நீதிமன்றத்தையும் நாடினர். 2006 டிசம்பரில் சமூக நலத்துறை அவர்களுடைய மறுவாழ்வு குறித்து ஓர் அரசாணை வெளியிட்டது. 2008 ஏப்ரல் 15 அன்று அரவாணிகள் நலவாரியம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய வாரியம் அமைந்தது இதுவே முதன்முறை. குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. கல்லூரிச் சேர்க்கையில் மூன்றாம் பாலினம் என்னும் இடம் ஏற்படுத்தப்பட்டது. மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த அக்காலத்திலேயே ‘திருநங்கை’ என்னும் சொல் அரசு வழக்கில் ஏறியது. ஏப்ரல் 15 பின்னர்த் திருநங்கையர் நாளாகவும் அறிவிக்கப்பட்டது.

ஒரு சொல்லால் என்ன பயன் என்று கேட்போர் உளர். அதுவரை அம்மக்களைக் குறிக்கத் தமிழில் இருந்த சொற்களுள் பெரும்பாலானவை அவர்களை அழைப்பதற்கன்று, விரட்டுவதற்கே பயன்பட்டவை. மதிப்புடைய சொல் இல்லாத இடத்தில் மதிப்புடைய பதிவும் இராது. அரசு அலுவலர் ஒருவர் முகஞ்சுளிக்காமல் எழுதக்கூடிய சொல் கிடைத்த பின்னரே படிவத்தில் மூன்றாம் கட்டம் திறந்தது.

ஆனால் ஆணைகள் வந்த அதே ஆண்டுகளில் காவல் நிலையங்கள் மாறிவிடவில்லை. சென்னையில் திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்ட ஒருவர், காவல் நிலையத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அந்நிலைய வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார். அவருடைய உடன்பிறந்தார் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 1871-இன் ஏடு எரிந்துபோன பின்னும் அதன் கண்கள் நம்மிடையே இருந்தன என்பதற்கு இவ்வழக்கு சான்று.

2009 நவம்பரில் இந்தியத் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் ‘இதரர்’ என்னும் வகையை அனுமதித்தது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஆண், பெண் அல்லாத வகை எண்ணப்பட்டது. நாடு முழுவதும் 4,87,803 பேரும், தமிழ்நாட்டில் 22,364 பேரும் அவ்வகையில் பதிவாயினர். தம்மை வெளிப்படுத்த அஞ்சியோரையும், ஆண் பெண் எனவே எழுதிக்கொண்டோரையும் இவ்வெண் உள்ளடக்காது. ஆயினும் தண்டிப்பதற்காகவன்றி எண்ணுவதற்காக அரசு இவர்களை எழுதிய முதல் பேரேடு இதுவே.

5. எழுதுகோல் யாரிடம்?

2012-இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், 2014 ஏப்ரல் 15 அன்று நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர் தீர்ப்பளித்தனர். ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே உரைக்கும் உரிமை அரசியலமைப்பின் 14, 15, 16, 19, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியுள்ளது என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கலாகாது என்றும் அவர்கள் கூறினர். திருநரைக் கல்வியிலும் சமுதாய நிலையிலும் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு அளிக்கவும் பணித்தனர். அண்டை நாடாகிய நேபாளத்தின் உச்சநீதிமன்றம் 2007-இலேயே இவ்வழியில் தீர்ப்பளித்திருந்தது.

இத்தீர்ப்பின் சிறப்பு மூன்றாம் கட்டம் ஒன்றைச் சேர்த்தது மட்டுமன்று. எழுதுகோலை அலுவலரின் கையினின்று வாங்கி உரியவர் கையில் கொடுக்க முயன்றதே அதன் சிறப்பு. 2015 நவம்பரில் பிரித்திகா யாஷினியின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கான படிவத்தில் தமக்குரிய கட்டம் இல்லாமையால் அவருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டிருந்தது. 2017-இல் அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். ஒரு காலத்தில் எவர்மீது காவல்துறை ஏடு வைத்திருந்ததோ, அவருள் ஒருவர் காவல்துறையின் ஏட்டில் அலுவலராகப் பெயர் பெற்றார். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், வயதுவந்தோரின் இசைவான உறவைக் குற்றமாக்கிய அளவில் 377-ஆம் பிரிவைச் செல்லாததாக்கியது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தார். 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம், எதிர்பால் உறவிலிருக்கும் திருநர் நடப்பிலுள்ள திருமணச் சட்டங்களின்படி மணஞ்செய்துகொள்ளும் உரிமை உடையவர் என்று கூறியது. திருமணம் நடத்திவைக்கும் ஆயர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும்.

எனினும் எழுதுகோல் மீண்டும் கைமாறியது. மாநிலங்களவையில் திருச்சி சிவா கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அவ்வவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. அரசு கொணர்ந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று, 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் இயற்றப்பட்ட வடிவில், கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலைத் தடைசெய்தது. தன்னுணர்வின்படி அடையாளம் பெறும் உரிமையையும் சொல்லளவில் ஏற்றது. ஆனால் அவ்வடையாளத்துக்குச் சான்றிதழ் அளிக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தது. திருநர்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் ஈராண்டு வரையே தண்டனை விதித்தது. பெண்ணுக்கு எதிரான வன்புணர்ச்சிக்கு அக்காலத்துச் சட்டம் குறைந்தது பத்தாண்டு விதித்திருந்ததை நோக்க, ஒரே நாட்டில் இரு குடிமக்களின் உடலுக்கு இருவேறு விலை குறிக்கப்பட்டதை உணரலாம்.

குடியுரிமையே ஏட்டைச் சார்ந்து நிற்கும்போது நேரும் இடரை அசாம் காட்டியது. 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் சுமார் இரண்டாயிரம் திருநர் விடுபட்டுள்ளனர் என்று உச்சநீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. முன்னோரின் ஆவணத்தோடு தம் உறவை எண்பிக்க வேண்டும் என்றால், குடும்பத்தால் துரத்தப்பட்டவர் எந்த ஆவணத்தைக் கொண்டுவருவார்? சட்டத்தின் பிரிவுகள் கூட்டப்படலாம், குறைக்கப்படலாம். ஆனால் இக்கேள்வி எந்தத் திருத்தத்தாலும் மறைந்துவிடாது.

6. திருமறையில் ஒரு மறைந்த பெயர்

இவ்வரலாற்றைத் திருமறையின் ஒளியில் நோக்குவோம். திருமறையின் அண்ணகரும் இன்றைய திருநரும் ஒருவரே என நாம் கூறவில்லை. ஆனால் ஆண் பெண் என்னும் ஒழுங்கில் அடங்காத உடலை உடையவர் இறைமக்களின் கூட்டத்தில் எண்ணப்படலாமா என்னும் வினா இருவர்க்கும் பொது.

உபாகமம் 23-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் அத்தகையோரைக் கர்த்தருடைய சபையினின்று விலக்குகிறது. அதுவும் ஒருவகைக் குடியுரிமை விதியே. சிறையிருப்பினின்று மீண்ட மக்களுக்கு உரைக்கப்பட்ட ஏசாயா 56-ஆம் அதிகாரமோ அவ்விதியை நேருக்குநேர் எதிர்கொள்கிறது. உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அண்ணகன் தன்னைப் பட்டமரமென்று எண்ண வேண்டுவதில்லை. குமாரர் குமாரத்திகளால் வரும் பெயரினும் மேலான, அழியாத பெயரைக் கர்த்தர் அவனுக்குத் தம் மதில்களுக்குள்ளே அளிப்பார் என்பது தீர்க்கதரிசியின் செய்தி. அங்கு எபிரெய மூலத்திலுள்ள யாத், ஷேம் என்னும் இரு சொற்களையும் இடம், பெயர் எனக் கொள்ளலாம். 1871-இன் சட்டம் தண்டிக்கக் கேட்ட அதே இரண்டையும் கர்த்தர் சுதந்தரமாக அளிக்கிறார். மத்தேயு 19:12-இல் நம் ஆண்டவர், தாயின் வயிற்றிலிருந்தே அவ்வாறு பிறந்தோர் உண்டு என்பதை இகழ்ச்சியின்றிக் கூறுகிறார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பியனை நம் சபையார் நன்கு அறிவர். ஆனால் அவன் அண்ணகன் என்பதை அறிந்தோர் சிலரே. லூக்கா அப்பகுதியில் அண்ணகன் என்னும் கிரேக்கச் சொல்லை ஐந்து முறை ஆள்கிறார். நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலோ ஏசாயாவிலும் மத்தேயுவிலும் அண்ணகன் என்றே எழுதிவிட்டு, இங்கு மட்டும் ‘மந்திரி’ என்று எழுதுகிறது. அக்கிரேக்கச் சொல் அரண்மனை அலுவலரையும் குறிக்கக்கூடியதாதலின், இதனைப் பிழை என்று சொல்லத் துணியோம். ஆயினும் இதன் விளைவு பெரிது. எருசலேமுக்கு வழிபடச் சென்றும் உபாகமத்தின் விதியால் வெளியே நின்றிருக்கக்கூடிய ஒருவன், ஏசாயாவின் சுருளையே கையில் ஏந்தி, தான் ஞானஸ்நானம் பெறுவதற்குத் தடை என்ன என்று கேட்டான் என்பதே அப்பகுதியின் உயிர். மந்திரிக்குத் தடை ஏது? அண்ணகனுக்கே அக்கேள்வி பொருந்தும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட இத்திருப்புதல் முழுமை பெற்ற ஆண்டும் 1871 என்பது தற்செயலே. ஆயினும் ஓர் ஏடு அவர்களைக் குற்றவாளிகளாக எழுதிய ஆண்டில், மற்றோர் ஏட்டில் அவர்களுடைய பெயர் தமிழ்ச் செவிக்கு மறைந்துபோனது.

7. நம் மேசைமீதுள்ள பதிவேடு

செங்கற்பட்டை அடுத்த நத்தத்தில், இந்திய சுவிசேஷத் திருச்சபையின் சபையொன்றில் பாரதி என்னும் திருநங்கை போதகராகப் பணியாற்றியதை 2012-இல் செய்தித்தாள்கள் எழுதின. இறையியற் கல்லூரியில் முறையாகப் பயின்று பட்டம் பெற்றவர் அவர். நம் வட்டாரத்திலேயே இது நிகழ்ந்தும், பழமையான திருச்சபைகளைச் சேர்ந்த நாம் அதைச் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்தோம்.

நாம் மடித்து வைத்தது செய்தித்தாளை மட்டுமன்று. 2014-இன் தீர்ப்புக்குப் பிந்திய ஆண்டொன்றில், நாம் ஊழியஞ்செய்த சிற்றூர்ச் சபைக்குச் சேலை உடுத்திய ஒருவர் வந்தார். குழந்தையாயிருந்தபோது அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். பதிவேட்டில் இருந்தது ஓர் ஆணின் பெயர். தம் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். அதில் தம் இப்போதைய பெயரையும் குறிக்குமாறு வேண்டினார். பதிவேட்டைத் திருத்த இயலாது என்று கூறி அனுப்பிவிட்டோம். நாம் கூறியது விதிப்படி சரியே. ஆனால் அவர் பதிவேட்டைத் திருத்துமாறு கேட்கவில்லை என்பது பிறகுதான் நமக்கு உறைத்தது. அப்பெயருடையவரும் இப்பெயருடையவரும் ஒருவரே என்று ஆயர் கையொப்பமிட்ட ஒரு வரியே அவருக்கு வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று இல்லாத அவருக்கு நம் ஏடொன்றே அவர் பிறந்தார் என்பதற்குச் சான்றாயிருந்தது. அவர் மீண்டும் வரவில்லை.

பதிவேட்டின் தூய்மையைக் காத்துக்கொண்டே அவ்வரியை எழுத வழி இருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் தன் 78-ஆம் பிரிவில், திருமணப் பதிவில் பிழை காணப்பட்டால் மூலப் பதிவை மாற்றாமல் ஓரத்தில் குறிப்பெழுதிக் கையொப்பமிட வழிசெய்கிறது. பழையதை அழிக்காமல் புதியதை அதன் அருகில் எழுதுதல் நம் அலுவலக மரபுக்கு அந்நியமானதன்று. ஆகவே உடன்பணியாளர்க்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, திருநர் ஒருவர் சான்றிதழ் கேட்டு வந்தால், மூலப் பெயரையும் இப்போதைய பெயரையும் குறிப்பிட்டு இருவரும் ஒருவரே எனச் சான்றளிப்போம். இதற்கு நம் மேலதிகாரிகளின் முறையான வழிகாட்டுதலையும் கேட்டுப் பெறுவோம். இரண்டாவது, திருச்சபையின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வாடகை வீடுகளும் அவர்களுக்கு வேற்றுமையின்றித் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்போம். முகவரி இல்லாதவருக்கு வாக்குரிமையும் இல்லை என்பதைக் கண்டோம். மூன்றாவது, எத்தியோப்பியனின் பகுதியை வாசிக்கும் ஞாயிறுதோறும் அம்மந்திரி யார் என்பதைச் சபைக்கு விளக்குவோம்.

திருநரின் உடலையும் வாழ்வையும் பற்றி நம் திருச்சபைகளில் ஒருமித்த இறையியற் கருத்து உருவாகும்வரை பொறுத்திருக்கலாகாதா எனச் சிலர் வினவலாம். கருத்து வேற்றுமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடியுரிமை நல்லொழுக்கத்துக்கு அளிக்கப்படும் பரிசன்று. நம் இசைவைப் பெற்ற பின்னர் வழங்கப்படுவதும் அன்று. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருத்தல் கற்பனைகளுள் ஒன்று. அறிந்த உண்மையை எழுத மறுப்பதும் அதற்கு நெருங்கியதே.

முடிவுரை

தண்டிக்கும் ஏட்டில் தொடங்கி, விடுபட்ட பட்டியல்கள், எண்ணும் ஏடு, தீர்ப்பு, சான்றிதழ் என நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து வந்தோம். இக்காலம் முழுவதும் திருநர் கேட்டது புதிய உரிமை எதுவும் அன்று. தம் பெயர் தம் பெயராக எழுதப்பட வேண்டும், தமக்கு ஓர் இடம் வேண்டும் என்பதையே அவர்கள் கேட்டனர். அரசு தயங்கித் தயங்கியாயினும் அதற்குச் செவிசாய்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜீவபுஸ்தகத்தைப் பற்றிப் பேசும் திருச்சபை, தன் பீரோவிலுள்ள பதிவேட்டில் அதற்கு முன்செல்ல வேண்டாமா?

அடுத்த சித்திரையிலும் அப்பேருந்துகள் படாளத்தைக் கடந்து செல்லும். அவற்றில் செல்வோருள் நம் ஆலயங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருத்தல் கூடும். அவர்களுள் ஒருவர் இறங்கி நம் அலுவலக வாசலில் வந்து நிற்பாரானால், அவரை அமரச் செய்து, அவருடைய பெயரைக் கேட்டு, அதை எழுத ஆயத்தமாயிருப்போமாக.